ஏழு முறை கழுவிய டிரம்

3 ஜூன் 2024, திங்கள்

ஜூன் பிறந்தால் இன்னும் ஐந்து மணிக்கே முழிப்பு வந்துவிடுகிறது. ஓய்வு பெற்று மூன்று வருடம் ஆகிறது. எந்தப் பள்ளிக்கூடமும் எனக்காகத் திறக்கப் போவதில்லை. "வேலதான் போச்சு, எட்மாஸ்டர் புத்தி போகல" என்கிறாள் ரோசம்மாள். முப்பத்து நான்கு வருடம் என்னோடு குடித்தனம் செய்தவளுக்கு அதைச் சொல்ல உரிமை உண்டு. சொன்னது சரியா என்பது வேறு விஷயம்.

காலையில் பந்தலைச் சுற்றி வந்தேன். ஒரு ஏக்கர் இருபது சென்ட், பன்னீர் திராட்சை. அடுத்த திங்கள் கவாத்து. வெட்டிய நாளிலிருந்து நூற்றிருபதாம் நாள் பழம் எடுக்கலாம், இடையில் செய்வதையெல்லாம் ஒழுங்காகச் செய்தால்.

வழியில் ஸ்டான்லி தன் தோட்டத்தில் நீல மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலக்கிக்கொண்டிருந்தான், இலை நோய்க்கு அடிக்க. கத்தி வைத்துப் பார்த்தாயா என்று கேட்டேன். முழித்தான். இரும்புக் கத்தியைக் கொஞ்ச நேரம் முக்கி எடு, செம்பு நிறத்தில் சிவந்தால் துத்தத்தின் செம்பு மிஞ்சி நிற்கிறது, அப்படியே அடித்தால் இலை கருகும், இன்னும் சுண்ணாம்பு போடு. இதை இந்த ஊரில் எத்தனை முறை சொல்லியிருப்பேன்! ஐந்தாம் வகுப்பில் என்னிடம் படித்தவன். அப்போதும் இப்படித்தான் முழிப்பான்.

5 ஜூன், புதன்

மாதா கோயில் மண்டபத்தில் குழுக் கூட்டம். திராட்சை விவசாயிகள் இருபத்து மூன்று பேர். செயலாளர் நான். ஐந்து மணி என்று சொன்னால் ஐந்தரைக்கு வருகிறார்கள்.

உத்தமபாளையத்திலிருந்து ரிஸ்வானா என்று ஒரு பெண் வந்திருந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். நுண்ணுயிர் பற்றிப் படித்துவிட்டு, வீட்டுக்குப் பின்னால் இரண்டு அறை கட்டி உயிர் உரம் தயாரிக்கிறாள். கணவர் அப்சல் வண்டியில் கொண்டுபோய்க் கொடுக்கிறார். பாட்டிலில் இருப்பது பாக்டீரியா. ஒரு சொட்டில் கோடிக்கணக்கில் இருக்குமாம்.

"நீங்க இத்தன வருசமாப் போட்ட டிஏபி உரத்துல பாதிக்கு மேல மண்ணுலயே கெட்டிப்பட்டுக் கெடக்கு சார். வேரால அத எடுக்க முடியல. இது அதக் கரைச்சு வேருக்குக் குடுக்கும். அடுத்த பாட்டில்ல இருக்கிறது காத்துல இருக்கிற தழைச்சத்தப் புடிச்சுக் குடுக்கும். தொழுவுரத்துல கலந்து போடுங்க, டிஏபியப் பாதியாக் கொறைங்க" என்றாள்.

தெளிவாகப் பேசினாள். கேள்வி கேட்டால் பதில் சொல்லத் தெரிந்தது, தெரியாததைத் தெரியாது என்றும் சொன்னாள். எனக்குப் பிடித்தது. நான் கை தூக்கியதும் இன்னும் ஐந்து பேர் தூக்கினார்கள். கடைசியாக, ஏழாவது ஆளாக, அன்னத்தாயும். அவளுக்கு என் பந்தலுக்குத் தெற்கே அறுபது சென்ட்.

கம்பத்து உழவர் கம்பெனி ஒன்று இவளுடைய பாட்டிலைப் பள்ளத்தாக்கு முழுவதும் விற்க எடுக்கப் போகிறதாம். எங்கள் குழு என்ன சொல்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் முடிவு செய்வார்களாம். பொறுப்பு நம் தலையில்.

9 ஜூன், ஞாயிறு

பூசை முடிந்து வந்ததும் வேலை தொடங்கினேன். ஆளுக்கு ஒரு விதமாகக் கலந்தால் பலனும் ஒரே மாதிரி இருக்காது. அதனால் ஏழு பேருக்கும் சேர்த்து என் வீட்டிலேயே ஒரே டிரம்மில் பெருக்கித் தருவதாகச் சொல்லியிருந்தேன். இருநூறு லிட்டர் தண்ணீர், வெல்லம், பாட்டில் மருந்து, நிழலில் மூன்று நாள். 'சுத்தமான டிரம்' என்று ரிஸ்வானா தன் தாளில் அச்சடித்திருக்கிறாள்.

சுத்தத்தைப் பற்றி எனக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. நான்கு வருடமாக மயில்துத்தம் கரைக்கிற நீல டிரம்தான். ஏழு முறை கழுவினேன். தேங்காய் நார் போட்டுத் தேய்த்து ஏழு முறை. கடைசித் தண்ணீரை ரோசம்மாளிடம் காட்டினேன். குடிக்கலாம் போல இருந்தது.

எட்டு மணி என்று சொல்லியிருந்தேன். எட்டு ஐந்துக்கு மூடியை இறுக்கிவிட்டேன். எட்டு இருபதுக்கு அன்னத்தாய் பாட்டிலை இடுப்பில் செருகிக்கொண்டு வந்தாள். மூடியாச்சு என்றேன்.

"வாத்தியாரே, இது என்ன பள்ளிக்கூடமா, மணியடிச்சதும் கேட்டப் பூட்டுறதுக்கு? மாடு கறந்துட்டுத்தான வர முடியும்?"

விதி எல்லோருக்கும் ஒன்று என்றேன். பாட்டிலைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். போகும்போது ஏதோ சொன்னாள். கேட்காதது போல இருந்துகொண்டேன்.

12 ஜூன், புதன்

கவாத்து முடிந்தது. காலை ஆறரைக்கு டிரம்மைத் திறந்து ஆளுக்கு முப்பத்து மூன்று லிட்டர் அளந்து ஊற்றினேன். புளித்த வாடை. அப்படித்தான் இருக்குமாம். அடியில் இரண்டு லிட்டர் போல வண்டலாக நின்றது. வீணாக்க மனமில்லை, கொய்யாவுக்கு ஊற்றலாம் என்று மூடி வைத்தேன்.

என் பந்தலில் கிழக்குப் பாதிக்கு மட்டும் போட்டிருக்கிறேன். அங்கே டிஏபி பாதி. மேற்குப் பாதிக்கு வழக்கம் போல முழு டிஏபி. கிழக்குக் கல்தூண்களில் சிவப்பு நாடா கட்டியாயிற்று. ஒப்பிட்டுப் பார்க்காமல் நான் எதையும் நம்புவதில்லை.

மற்ற ஐவருக்கு அந்தப் பொறுமை இல்லை. முழுப் பந்தலுக்கும் போட்டுவிட்டார்கள். சார் செய்தால் சரியாகத்தான் இருக்கும் என்றானாம் ஆண்டனி ராஜ். கேட்கச் சந்தோஷமாக இருந்தது. எதற்கு மறைக்க.

30 ஜூன், ஞாயிறு

மொட்டு விரிந்துவிட்டது. இரண்டு பக்கமும் பத்துப் பத்துக் கிளையில் சீட்டுக் கட்டி டேப் வைத்து அளந்தேன். கிழக்கு பதினான்கு சென்டிமீட்டர், மேற்கு பதினைந்து. இது ஒன்றும் பெரிய வித்தியாசமில்லை.

14 ஜூலை, ஞாயிறு

கிழக்கு முப்பத்து மூன்று. மேற்கு நாற்பத்தொன்று.

இரண்டாவது முறையும் அளந்தேன். அதேதான்.

18 ஜூலை, வியாழன்

இலை வெளிறுகிறது. கிழக்கில் மட்டும். மற்ற ஐந்து பேர் தோட்டத்தையும் போய்ப் பார்த்தேன், ஐந்திலும் அதே கதை. ஆண்டனி ராஜ் தோட்டம்தான் மோசம். பூங்கொத்து சின்னதாக, ஒல்லியாக. அவன் மனைவி என்னைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டாள். அவன் சொன்னான்: "டிஏபியக் கொறைக்கச் சொன்னாக, கொறைச்சேன். இப்ப என்ன சார் பண்ண? போன கவாத்துக்கு இந்நேரம் பந்தல் இருட்டிக் கெடந்துச்சு."

அவனுக்கு நாலு மாத உழைப்பு. அவன் நம்பியது பாட்டிலை அல்ல, என்னை. வீட்டுக்கு வந்து சாப்பிடப் பிடிக்கவில்லை. தண்ணீரை நிறமேற்றி விற்றிருக்கிறாள் அந்த ரிஸ்வானா. வேறென்ன?

21 ஜூலை, ஞாயிறு

பூசைக்குப் பிறகு கூட்டம். ரிஸ்வானாவையும் வரச் சொல்லியிருந்தேன். அப்சலோடு வந்தாள்.

அளவுகளைக் கரும்பலகையில் எழுதிக் காட்டினேன். ஆறு தோட்டம், ஆறிலும் ஒரே முடிவு. ஒருவர் தவறு செய்யலாம். ஆறு பேரும் ஒரே நேரத்தில் ஒரே தவறைச் செய்ய முடியுமா? இதை எல்லோர் முன்னாலும் அவளிடமே கேட்டேன்.

அவள் அழவில்லை. பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "சார், கலந்ததுல ஒரு கிளாஸ் மிச்சம் இருந்தாக் குடுங்க. நான் சோதிச்சுப் பாத்துடுறேன்" என்றாள்.

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "என் கைச் சுத்தத்தச் சோதிக்கணுமா? ஏழு தரம் கழுவுன டிரம்மும்மா அது. மிச்சம் ஒண்ணும் இல்ல" என்றேன். முப்பத்து மூன்று வருடம் பள்ளிக்கூடத்துத் தண்ணீர்த் தொட்டியை வெள்ளிக்கிழமைதோறும் நின்று கழுவ வைத்தவன் நான். என்னிடமா?

டிரம்மின் அடியில் வண்டல் கிடப்பது வீட்டுக்கு வந்தபிறகுதான் நினைவு வந்தது. போகட்டும், வண்டல்தானே.

இனி இந்தக் குழு அவளிடம் வாங்குவதில்லை என்று தீர்மானம். அன்னத்தாய் கூட்டத்துக்கு வரவில்லை, மாட்டுக்கு ஊசி போட ஆள் வந்திருந்ததாம்.

22 ஜூலை, திங்கள்

கம்பத்துக் கம்பெனிக்குக் கடிதம் எழுதினேன். ஒன்றரைப் பக்கம், அட்டவணையோடு. 'பொருளின் தரம் ஐயத்துக்குரியது' என்ற வரியை மூன்று முறை திருத்தினேன். கையெழுத்து அழகாக வந்திருந்தது.

30 ஜூலை, செவ்வாய்

கம்பெனி அவளை விலக்கிவிட்டது. வேறு ஊர்க்காரர்களின் பாட்டிலை ஒரு வருடத்துக்கு எடுக்க ஒப்பந்தமாம்.

நல்லது.

5 ஆகஸ்ட், திங்கள்

அன்னத்தாயின் பந்தலை வேலி ஓரமாக நின்று பார்த்தேன். இலை கறுத்த பச்சை. காய் பட்டாணி அளவுக்கு வந்துவிட்டது. அவளும் டிஏபியைப் பாதிதான் போட்டாள் என்று ரோசம்மாள் சொல்கிறாள். அவள் நிலம் வாய்க்கால் ஓரம். ஈரம் நிற்கும். அதுதான் காரணம்.

வாய்க்கால் ஓரம்தானே ஆண்டனி ராஜ் தோட்டமும்?

13 ஆகஸ்ட், செவ்வாய்

சாரல் விடவில்லை. இலையில் செவட்டை நோய் தட்டுகிறது. மருந்தடிக்கிற விஜய்ராஜ் இந்த வருடம் தன் டிரம்மையே கொண்டுவந்துகொண்டிருந்தான். அது உடைந்துவிட்டது, உங்க டிரம்மைக் காலி பண்ணி வைங்க சார் என்று போன் செய்தான்.

மூடி இறுகிப் போயிருந்தது. அரிவாளை விட்டு நெம்பினேன். திறந்த வேகத்தில் அரிவாள் உள்ளே விழுந்துவிட்டது. ஜூன் மாதத்து வண்டல் அப்படியே கிடந்தது, கொய்யாவுக்கு ஊற்ற மறந்தேபோனேன். நாற்றம் தாங்கவில்லை. கையை விட மனமில்லாமல் கரண்டி எடுக்க வீட்டுக்குள் போனேன். போன இடத்தில் பென்ஷன் விஷயமாகப் போன் வந்தது. திரும்பி வர அரைமணி நேரம் ஆயிற்று.

அரிவாளை எடுத்தேன்.

சிவந்திருந்தது. நனைந்த இடம் வரைக்கும் கோடு போட்டது போலச் செம்பு.

நான் இந்த டிரம்மில் துத்தம் போடவில்லை. வெல்லம், தண்ணீர், அவள் மருந்து, அவ்வளவுதான் போட்டேன். துத்தம் போடவில்லை. போட்டது போன வருடம்.

14 ஆகஸ்ட், புதன்

டிரம்மைச் சாய்த்து வெயிலில் வைத்து உள்ளே பார்த்தேன். டிரம்மே நீலம். அடிக் குழிகளில் சுண்ணாம்போடு சேர்ந்து ஒட்டிக் கெட்டியான நீலப் படிவு எப்படித் தெரியும்? நகத்தால் சுரண்டினால்தான் வருகிறது. ஒரு கை நிறைய வந்தது.

மூன்று டம்ளர் வைத்தேன். முதலாவதில் படிவும் பச்சைத் தண்ணீரும். இரண்டாவதில் படிவும், நேற்றே கரைத்து வைத்துப் புளித்த வெல்லத் தண்ணீரும். மூன்றாவதில் வெறும் புளித்த வெல்லத் தண்ணீர். மூன்றிலும் ஆணி. அரைமணி நேரம் கழித்துப் பார்த்தால் இரண்டாவதில் மட்டும் சிவப்பு.

அப்படியானால் பச்சைத் தண்ணீரில் எத்தனை முறை கழுவினாலும் அது கரையாது. ஏழு என்ன, எழுபது முறை கழுவியிருக்கலாம். வெல்லம் புளித்ததும் கரைந்திருக்கிறது. கிருமி சாகத்தானே இலைக்குத் துத்தம் அடிக்கிறோம்? அவள் கொடுத்த உயிரையெல்லாம் மூன்று நாள் அதில் ஊற வைத்துக் கொன்றுவிட்டு, ஆளுக்கு முப்பத்து மூன்று லிட்டர் அளந்து கொடுத்திருக்கிறேன். ஆறு பேருக்கும் சரிசமமாக.

ஆறு பேரும் ஒரே தவறைச் செய்ய முடியுமா என்று கேட்டேனே. ஆறு பேரும் செய்யவில்லை. ஒருவன்தான் செய்தான்.

15 ஆகஸ்ட், வியாழன்

மாதா விண்ணேற்புத் திருநாள். பள்ளியில் கொடியேற்றத்துக்கும் அழைத்திருந்தார்கள், போய் நேர்மை பற்றி நான்கு வார்த்தை பேசினேன். பிள்ளைகள் கைதட்டினார்கள். பேசும்போதே வாய் கசந்தது.

பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிவிடலாமா என்று பார்க்கிறேன். சாமியார் வெளியே சொல்ல மாட்டார். அதனால்தான் அங்கே போக நினைக்கிறேன் என்பதும் எனக்குத் தெரிகிறது.

16 ஆகஸ்ட், வெள்ளி

யாருக்கும் தெரியாது. டிரம்மை உடைத்துப் பழைய பிளாஸ்டிக்காரனிடம் போட்டுவிட்டால் முடிந்தது.

17 ஆகஸ்ட், சனி

போடவில்லை. சொல்லவும் இல்லை.

18 ஆகஸ்ட், ஞாயிறு

பூசை முடிந்து அன்னத்தாய் வீட்டுப் பக்கம் போனேன். அவள் வேறு சாமி கும்பிடுகிறவள், ஞாயிற்றுக்கிழமையும் மாட்டுத் தொழுவத்தில்தான் இருப்பாள். அந்த மருந்தை எதில் கலந்தாய் என்று கேட்டேன்.

"சோறாக்குற குண்டான்லதான். வேற எதுல கலக்க? ஒங்க டிரம்முதான் மூடிப்போச்சே!"

சாணியில் பிசைந்து, தொழுவுரத்தோடு சேர்த்து, வேர்ப் பக்கம் வைத்தாளாம். கொத்தித் தோண்டிக் காட்டினாள். வெள்ளை வேர், நூல் நூலாக, கை நிறைய. என் கிழக்குப் பாதியில் வந்து தோண்டினேன். பழுப்பு வேர்.

அவளை அன்று இருபது நிமிடத்துக்காகத் திருப்பி அனுப்பினேன். அவள் பந்தல் பிழைத்தது அதனால்தான். சிரிப்பதா அழுவதா?

19 ஆகஸ்ட், திங்கள்

ரோசம்மாளிடம் சொன்னேன். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நானும் ஏதாவது திருப்பிச் சொல்லியிருப்பேன், சண்டையில் விஷயம் கரைந்திருக்கும்.

"அந்தப் பொண்ணுகிட்ட எப்பச் சொல்லப் போறீக?" என்று மட்டும் கேட்டாள்.

கூட்டத்தில் சொல்லலாமா, கடிதமாக எழுதலாமா என்று யோசிக்கிறேன் என்றேன்.

"பஸ்ஸு இருக்குல்ல?" என்றாள்.

21 ஆகஸ்ட், புதன்

உத்தமபாளையம் போனேன். கோர்ட் பக்கம் இறங்கி விசாரித்தால் எல்லோருக்கும் வீடு தெரிகிறது. அப்சல் கதவைத் திறந்தார். உட்காருங்கள் என்று சொல்லவில்லை. வாசலிலேயே நின்றேன். பள்ளிக்கூடத்தில் என் அறை வாசலில் எத்தனை தகப்பன்மாரை இப்படி நிற்க வைத்திருக்கிறேன் என்று அப்போது தோன்றியது. ரிஸ்வானா வந்து உள்ளே கூப்பிட்டாள்.

பையில் இருந்து அரிவாளை எடுத்து மேசையில் வைத்தேன். அதில் எதைப் பார்ப்பது என்று முதலில் அவளுக்குப் புரியவில்லை. துத்தம் கரைத்த டிரம்தான் என்று சொன்னதும் கண்ணை மூடிக்கொண்டாள். எல்லாவற்றையும் சொன்னேன். மிச்சம் இல்லை என்று சொன்னது பொய்யாகிப் போனதையும் சொன்னேன்.

பின்னால் இருந்த அறைக்குக் கூட்டிப்போனாள். சின்ன அறை, பள்ளிக்கூடத்து ஆய்வகத்தை விடச் சின்னது. அலமாரியில் ஒவ்வொரு தயாரிப்பிலும் ஒரு பாட்டில் எடுத்து வைத்திருக்கிறாள். எங்களுக்குக் கொடுத்த தயாரிப்பின் பாட்டிலும் இருந்தது. அதிலிருந்த பாக்டீரியாவைக் கண்ணாடித் தட்டில் வளர்த்து எண்ணிப் பார்த்த நோட்டைக் காட்டினாள். தேதி ஜூலை 22. நான் கம்பெனிக்குக் கடிதம் எழுதிய அதே நாள்.

"என் பாட்டில்ல தப்பு இல்லன்னு எனக்கு அன்னைக்கே தெரியும் சார். தெரிஞ்சு என்ன பண்ண? ஒங்ககிட்ட ஆறு தோட்டம் இருந்துச்சு, என்கிட்ட ஒரு நோட்டுதான். எங்க அத்தா இத ஆரம்பிக்கும்போதே சொன்னாக, கண்ணுக்குத் தெரியாத பொருள விக்கிறோம், பேருதான் எல்லாம்னு."

நான் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டேன்.

"அதே கையெழுத்துல இன்னொரு லெட்டர் எழுதுங்க" என்றாள்.

கிளம்பும்போது, தன் மேலும் ஒரு குறை இருக்கிறது என்றாள். சுத்தமான டிரம் என்று மட்டும் அச்சடித்தாளாம். திராட்சைக்காரர்களுக்கு எது சுத்தம் என்று யோசிக்கவில்லையாம். அவள் அப்படிச் சொல்லாமல் இருந்திருக்கலாம். என்னைத் திட்டியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

அப்சல் பஸ் ஸ்டாண்டு வரை வண்டியில் கொண்டுவந்து விட்டார்.

25 ஆகஸ்ட், ஞாயிறு

கூட்டம். டிரம்மை மண்டபத்தில் கொண்டுபோய் வைத்தேன். அரிவாளைக் காட்டினேன். மூன்று டம்ளர், மூன்று ஆணி, எல்லோருக்கும் முன்னால் செய்து காட்டினேன். காத்திருந்த அரைமணி நேரமும் யாரும் எழுந்து போகவில்லை. ஆணி சிவந்ததும் முதலில் புரிந்துகொண்டவன் ஸ்டான்லி. "சார், இது நம்ம துத்தமா?" என்றான். ஆமாம் என்றேன். என் டிரம், என் துத்தம், அந்தப் பெண் மேல் குற்றமில்லை.

ஆண்டனி ராஜ் எழுந்தான். கத்துவான் என்று நினைத்தேன். "அன்னைக்கு அந்தப் புள்ள ஒரு கிளாசுதான கேட்டுச்சு. குடுத்திருக்கலாம்ல சார்?" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டான். கத்தியிருக்கலாம்.

செயலாளர் பொறுப்பை விட்டுவிடுகிறேன் என்றேன். வேண்டாம் சார் என்று நான்கைந்து பேராவது சொல்வார்கள் என்று உள்ளுக்குள் ஒரு எதிர்பார்ப்பு இருந்தது, எழுதிவைக்கிறேன். ஒருவரும் சொல்லவில்லை. ஸ்டான்லியைப் போட்டார்கள். கூட்டம் முடிந்து டிரம்மை நானே உருட்டிக்கொண்டு வந்தேன்.

27 ஆகஸ்ட், செவ்வாய்

கம்பெனிக்கு இரண்டாவது கடிதம். முதல் கடிதத்தை விட நீளம் குறைவு. 'ஐயத்துக்குரியது பொருள் அல்ல, என் பாத்திரம்' என்று எழுதினேன். திருத்தவில்லை. நேரிலேயே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

மேனேஜர் படித்துவிட்டுத் தலையை ஆட்டினார். வருத்தம்தான், ஆனால் வேறு ஆளோடு ஒரு வருட ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டது, அடுத்த வருடம் பார்க்கலாம் என்றார். இன்னொரு முறை கேட்டேன். அதே பதில்.

நான் கெடுத்ததை நானே நினைத்தாலும் உடனே சரிசெய்ய முடியவில்லை. இதை ரிஸ்வானாவிடம் போனில் சொன்னேன். "தெரியும் சார்" என்றாள். இப்போது அவளும் அப்சலும் கெங்குவார்பட்டி, வீரபாண்டி என்று ஊர் ஊராகப் போய்த் தோட்டம் தோட்டமாகக் கொடுக்கிறார்கள்.

8 செப்டம்பர், ஞாயிறு

மாதா பிறந்த நாள். ரோசம்மாள் பாயசம் வைத்தாள். பாவசங்கீர்த்தனம் செய்தேன். சொல்வதற்குப் புதிதாக ஒன்றும் இல்லை, ஊருக்கே தெரியும். சாமியாரும் சிரித்துவிட்டார்.

10 அக்டோபர், வியாழன்

பழம் எடுத்தோம். மேற்கு நன்றாக இருந்தது. கிழக்கில் பாதிகூட இல்லை, கொத்து நெருக்கமில்லாமல், மணி சின்னதாக. ஆண்டனி ராஜ் தோட்டத்தில் அதைவிடக் குறைவு. அவனுக்கு எடுப்புக்கு ஆள் கிடைக்கவில்லை என்று கேள்விப்பட்டு நானும் ரோசம்மாளும் இரண்டு நாள் போய் வெட்டிக் கொடுத்தோம். வேண்டாம் என்று அவன் சொல்லவில்லை. இரண்டாம் நாள் டீ வந்தது.

அன்னத்தாய்க்குத்தான் இந்தமுறை ஊரிலேயே நல்ல பழம். தெருவில் போகிற வருகிறவர்களுக்கெல்லாம் ஒரு கொத்துக் கொடுத்தாள். எனக்கு இரண்டு.

22 அக்டோபர், செவ்வாய்

ரிஸ்வானா போன். புதிதாக லேபிள் அடிக்கப் போகிறாளாம். டிரம் பற்றி ஒரு வரி சேர்க்க வேண்டும், நீங்களே எழுதித் தாருங்கள் என்றாள். நான் எதற்கு என்று கேட்டேன்.

"நான் எழுதுனா சுத்தமான டிரம்னுதான் எழுதுவேன். ஒங்களுக்குத்தான அது எப்பிடின்னு தெரியும்?"

கிண்டலா என்று தெரியவில்லை. குரலில் கோபம் இல்லை. மாலை முழுவதும் உட்கார்ந்து பதினோரு விதமாக எழுதிப் பார்த்தேன். பன்னிரண்டாவதை வாட்ஸப்பில் அனுப்பினேன்.

17 நவம்பர், ஞாயிறு

நாளை கவாத்து. அப்சல் நேற்றே பாட்டில் கொண்டுவந்து கொடுத்திருந்தார். குழுவில் ஒன்பது பேர் வாங்கியிருக்கிறார்கள், ஆண்டனி ராஜும் ஒருவன். ஆளாளுக்கு அவரவர் வீட்டில் கலந்துகொள்வது என்று ஸ்டான்லி சொல்லிவிட்டான். சரியான முடிவு.

எங்கள் வீட்டில் உள்ள பெரிய பாத்திரமெல்லாம் ஒரு காலத்தில் துத்தத்துக்குப் பக்கத்தில் இருந்தவை. எதையும் நம்ப முடியவில்லை. அன்னத்தாயிடம் குண்டானை இரவல் கேட்கப் போனேன். எட்டு மணிக்கு வரச் சொல்லியிருந்தாள், பூசை நீண்டு எட்டு இருபது ஆகிவிட்டது.

"கேட்டப் பூட்டியாச்சே வாத்தியாரே" என்றாள், மாட்டைக் கறந்துகொண்டே. நின்றேன். கறந்து முடித்து, கன்றை விட்டு, கையைக் கழுவி, நிதானமாக வந்தாள். என் கையிலிருந்த பாட்டிலை வாங்கி, லேபிளை வெளிச்சத்துக்குக் காட்டி, எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

"மயில்துத்தம் கரைத்த டிரம்மில் இதைக் கலக்காதீர்கள். எத்தனை முறை கழுவியிருந்தாலும்."

என்னை நிமிர்ந்து பார்த்தாள். உள்ளே போய்க் குண்டானை எடுத்துவந்து கொடுத்தாள். விளக்கித்தான் வைத்திருந்தாள், ஓரத்தில் ஒரு பருக்கை காய்ந்து ஒட்டியிருந்தது.

வீட்டுக்குக் கொண்டுவந்து சாணியையும் மருந்தையும் அதில் கரைத்தேன். நான் மறுபடி கழுவவில்லை.